ஒரே சீட்டு, இரண்டு ஜோசியம்

டெல்லியில் தம்பி வீட்டிலிருந்த அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. அந்த வாரம்தான் டாரட் பார்க்கப் போனேன். மொத்தம் 78 சீட்டுகள். முதல் பெண்மணி பத்தை எடுத்துச் சிலுவைபோலப் பரப்பினார். நடுவில் 13ஆம் எண், மரணம். அதுவும் தலைகீழாக! வயிற்றைக் கலக்கியது. "தலைகீழ் என்றால் மாற்றத்துக்குத் தடை" என்றார்.

மனசு ஆறாமல் மறுநாள் நொய்டாவில் இன்னொருவர். மூன்றே சீட்டு; அதிலும் அதே மரணம் (இதை என்னவென்று சொல்ல?). தலைகீழாக வந்ததை நிமிர்த்தி வைத்தார். அவர் தலைகீழுக்குப் பலன் பார்ப்பதில்லையாம். 1909இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் அது. வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு, தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். சூரியனைக் காட்டி, "எதை முடித்துக்கொள்ள நினைக்கிறீர்கள்?" என்று என்னையே கேட்டார்.

அப்பாவுடன் நான்கு வருடமாகப் பேச்சில்லை என்றேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா கண் திறந்து, "சாப்பிட்டியா?" என்றார்.