கூழ்வத்தலுக்குப் பங்குனிதான்

அணுசக்தி நகர்,
மும்பை – 400 094.
பங்குனி முதல் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சித்திரை விசு கழித்துச் செம்பூருக்கு வருவதாகவும், வந்த கையோடு மருமகளுக்கு ஒரு வருஷத்துக்கான கூழ்வத்தல் போட்டுக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டும் சேர்ந்து நடக்காது அக்கா. இங்கே வத்தல் போடணும் என்றால் பங்குனியிலேயே வா. சித்திரையில்தான் வரமுடியும் என்றால் பாளையங்கோட்டையிலேயே காயவைத்து டின்னில் அடைத்துக் கொண்டுவா.

நம்ம ஊரில் கத்திரி பிறந்தால்தான் வெயில் என்று பேர். இங்கே கணக்கே வேறு. மார்ச், ஏப்ரலில் கிழக்கே நிலத்துப் பக்கமிருந்து வறண்ட காற்று அடிக்கும். கடல்காற்று மத்தியானத்துக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும், அதுவும் தாமதித்தால் அன்றைக்கு நெருப்புதான். சாந்தாகுரூஸில் 1956 மார்ச் 28-ஆம் தேதி 41.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. மே பிறந்துவிட்டால் கடல்காற்று காலையிலேயே ஏறிவிடும். வெயில் முப்பத்துமூன்று, முப்பத்துநான்கோடு நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் துவைத்த துணிகூட முழுசாக உலராது. வத்தல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், மூன்றாம் நாள் பூசணம் பூத்துவிடும்.

அதனால் இந்த வாரம் என் வீட்டில் வத்தல் வாரம். திங்கட்கிழமை ராத்திரி கூழ் காய்ச்சி வைத்தேன், விடியுமுன் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து ஊற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவும் அதே நேரத்துக்குக் குர்டை பிழிய வந்துவிடுகிறாள். அவளுக்குக் கோதுமைப்பால், எனக்கு அரிசிக்கூழ். காவல் மட்டும் முறைவைத்து. இங்கே காக்கையைவிடப் புறாத் தொல்லைதான் பெரிசு. கறுப்புக்கொடி, பழைய சிடி எதற்கும் அசையாது, ஆள்தான் உட்காரணும். நம்ம ஊரில் இரண்டு நாளில் சலசலக்கிற வத்தலுக்கு இங்கே மூன்று நாள். சீனியவரைக்காயும் மோர்மிளகாயும் அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

மண்பானையும் இந்தக் காற்றுக்குக் கட்டுப்பட்டதுதான். தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய கும்பார்வாடாவுக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சூளை, சந்தெல்லாம் காய்கிற பானை. குழாய் வைத்த பானையும் செடிக்குத் தொட்டியும் அங்கேயே வாங்கிவிடலாம். ஆனால் தார்சாவில் இருக்கிற உன் பானைத் தண்ணீர் மாதிரி எதிர்பார்க்காதே. நீர் கசிந்து ஆவியானால்தான் பானை குளிரும். பங்குனியில் குளிர்கிற பானை, வைகாசி ஈரக்காற்றில் பேருக்குத்தான் குளிரும்.

இனி செடி. பால்கனியில் என்ன வளரப்போகிறது என்று சலித்துக்கொண்டிருந்தாயே. எங்களுக்கும் எல்லாம் தொட்டிதான். இது குவார்ட்டர்ஸ், என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பணும், மண்ணில் வைத்த மரமா கூட வரும்? மல்லி இப்போது மொட்டுக் கட்டியிருக்கிறது. தை மாதம் ஒட்டக் கவாத்துப் பண்ணி, கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைத்து, பிறகு மண்ணைக் கிளறி உரம் வைத்ததன் பலன். மாசியில் ஊன்றிய வெண்டை நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் காய்க்கும், வைகாசிக்குள் ஓய்ந்துவிடும். ஓய்ந்துவிடவும் வேணும், ஏனென்றால் ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்துவிடும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம்ம அப்பா சொல்லுவாரே, அதை மூட்டை கட்டி அங்கேயே வைத்துவிட்டு வா. பாளையங்கோட்டைக்கு ஒரு வருஷம் பெய்கிற மழைக்கு மேல் இங்கே ஜூலை ஒரே மாதத்தில் கொட்டிவிடும். ஆடியில் தொட்டியில் விதைத்தால் முளைக்கு முன் அழுகும். இங்கே நமக்கு மாசியும் புரட்டாசியும்தான் பட்டம்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். இப்போது வறண்ட காற்று, காலையும் மாலையும் ஊற்று. மேல்மண்ணுக்குத் தேங்காய்நார், காய்ந்த இலை எதையாவது போட்டு மூடு. மே மாதம் அதே அளவு ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் விட்டுவிடு. செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் அடி, வெயிலில் அடித்தால் இலை கருகும். கறிவேப்பிலையை மொட்டையாக்குகிற பச்சைப் புழுவை மட்டும் நான் கொல்வதில்லை. கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சியாகிவிடும் அது. அதன் உறவான நீல மார்மனை 2015-இல் மகாராஷ்டிரத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியாக்கியிருக்கிறார்கள். அத்தனை பெரிய குடும்பத்துக்கு நாலு கொத்து இலை கொடுத்தால் என்ன?

காய்கறித் தோலை வெளியே போடாமல் ஓட்டை போட்ட தொட்டியில் காய்ந்த இலையோடு மக்க வைக்கிறேன். தேவனார் குப்பைமேடு நமக்குக் கிட்டே. 1927-லிருந்து கொட்டுகிற மலை அது. 2016 ஜனவரிக் கடைசியில் பற்றிக்கொண்டபோது எத்தனை நாள் ஜன்னலைத் திறக்காமல் கிடந்தோம் என்று போனில் சொன்னேனே. சமையல் கழிவை எரிவாயுவாக்குகிற நிசர்க்ருணா ஆலையை உருவாக்கியவர்கள் எங்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார்தான். சாண எரிவாயுக் கலனுக்குத் தம்பி முறை. உளுந்திலும் இவர்கள் கை உண்டு. 1985-இல் வந்த டிஏயூ-1 என்ற ரகத்தில் 'டி' என்றால் ட்ராம்பே. இட்லி பஞ்சாக வந்தால் என் வீட்டுக்காரர் அந்தப் பெருமையை ஆபீசுக்கு எடுத்துக்கொள்வார், ஆட்டினது யார் என்பது மறந்துபோகும்.

மாவடுவை ஜாடியோடு தூக்கிவராதே. சனிக்கிழமை மான்கூர்டில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கினால் மாவடு, வாழைப்பூ, சின்ன வெங்காயம், தலைவாழை இலை எல்லாம் ஸ்டேஷன் பக்கத்திலேயே. அந்த ஸ்டேஷனை 2017-லிருந்து முழுக்கப் பெண்களே நடத்துகிறார்கள், உனக்குப் பிடிக்கும். மிதுக்க வத்தல் மட்டும் அங்கே நான் பார்த்ததில்லை. அதை இரண்டு படி கொண்டுவா, ஒரு படி எனக்கு.

மருமகளிடம் பால்கனி எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டு உடனே எழுது. மேற்கு என்றால் மிளகாயும் கத்தரியும் வரும், விதை எடுத்து வை. வடக்கு என்றால் பிரண்டையும் புதினாவும் போதும், அவை என்னிடமே இருக்கின்றன. டிக்கெட்டைப் பங்குனிக்கு மாற்றினால் எந்தக் கோச் என்றும் எழுது, உன் மகன் ஆபீசுக்குப் போகுமுன் வந்து அழைத்துக்கொள்வான்.

அன்புடன்,
உன் தங்கை