ஹேண்ட் பிரேக்கும் தெருப் பாவும்



என் அம்பாசிடர் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலரை அதில் திணித்து ஏற்றியிருக்கிறேன். 2014-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. இந்த மழைக்காலம் முழுக்க வாசலில் நனைந்தது.

போன வாரம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி மெல்ல உருண்டது. தெருவில் மூன்று புடவைக்கான பட்டுப்பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். நல்லவேளை, வேப்பமரம் தடுத்தது.

லீவர் இறுக்கமாக ஏறியதால் நன்றாகப் பிடித்துவிட்டது என்று நம்பினேன். அதுதான் தப்பு. கால் பிரேக் ஆயிலில் வேலை செய்யும். ஹேண்ட் பிரேக்குக்குக் கேபிள்தான். உறைக்குள் துருவேறிக் கம்பி சிக்கியிருந்தது. நான் இழுத்தது பின்சக்கரம்வரை போய்ச் சேரவே இல்லை.

சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, கேபிளைக் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். மேல்முனையில் சைக்கிள் டியூப் துண்டைப் புனல்போலக் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கம்பியை இழுத்து இழுத்து விட்டேன். முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் துரு வந்தது. தெளிந்த எண்ணெய் இறங்கச் சாயங்காலம் ஆயிற்று. கம்பியில் இழை அறுந்திருந்தால் எண்ணெய் உதவாது, புதிதுதான் மாட்ட வேண்டும். பிரேக் லைனிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது.

இப்போது லேசாக ஏறுகிறது, வண்டியும் நிற்கிறது. ஆனாலும் அந்தப் பாவுக்குச் சொந்தக்காரர் தினமும் கேட்கிறார்: "சார், கல்லு வச்சீங்களா?"

வைக்கிறேன்.