நாலு இடம்தான்

தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பல வீடுகளில் வைரஸ் தொல்லை என்று மடிக்கணினி கடைக்குப் போய்த் திரும்பியபோது பாஸ் இல்லை, விண்டோஸ் மட்டும் இருந்தது. கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி ஒரு வீட்டில் நான் பார்த்ததும் அப்படித்தான்.

அண்ணனுக்குக் கிடைத்த மடிக்கணினியைத் தங்கை வைத்திருந்தாள், பதினோராம் வகுப்பு. 2018-இல் மாறிய கணினி அறிவியல் பாடத்தில் உபுண்டு லினக்ஸ் வந்துவிட்டது. "புத்தகத்துல படமாத்தாண்ணா இருக்குது, இதுல போட்டுக் குடுங்க" என்றாள். அவள் அம்மாவுக்கு வேறு கவலை. "போட்டோவெல்லாம் போயிராதுங்களே தம்பி?" மிளகு விற்ற கணக்கும் அதில்தான் இருந்தது.

அதற்கு முன் எத்தனையோ கணினிகளில் இரண்டு இயங்குதளம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதை அழுத்து, அதை அழுத்து என்று பழகிய கை, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. அந்த அம்மாவிடம் "போகாதுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதாவது ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் அவர்கள். படித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பழைய முறை ஹார்டு டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் எல்லாம் தொடங்குகிறது. 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி 2 பைட் அடையாளம். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் பட்டியலில் நாலு இடம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாலில் ஒன்றை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைப் பிரிக்க வேண்டும். அவற்றுக்கு லினக்ஸ் எப்போதும் 5-இலிருந்து எண் கொடுக்கிறது. அவள் கணினியில் மூன்று பிரைமரி, நாலாவது எக்ஸ்டெண்டட், அதற்குள் இ டிரைவ். லினக்ஸுக்கு இடம் இ-யைச் சுருக்கினால்தான்.

அங்கிருந்து லினக்ஸ் துவங்குமா? தாராளமாக. விண்டோஸின் துவக்கக் கோப்புகளுக்குத்தான் பிரைமரி பார்ட்டிஷன் வேண்டும். லினக்ஸைத் துவக்கும் நிரலான கிரப், தன் முதல் துண்டை அந்த 446 பைட்டிலும், அடுத்த துண்டை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்திலும் வைத்துக்கொள்கிறது. பிறகு, இ-க்கு 5 போக லினக்ஸுக்கு வரும் ஆறாம் எண் பார்ட்டிஷனைத் தானே படித்து கெர்னலை எடுத்துக்கொள்கிறது.

எனக்கு உறைத்தது இன்னொன்று. முதல் 512 பைட்டை நகலெடுத்து வைத்தால் போதும் என்றுதான் பலரும் சொல்வார்கள். லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் விவரம் அதில் இல்லவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு பதிவு இருக்கிறது, அது அடுத்தது எங்கே என்று சொல்லும். மலையில் ஒரு ஊரில் கேட்டால் அடுத்த ஊருக்கு வழி சொல்வதுபோல. நடுவில் ஒன்று அழிந்தால் பின்னால் உள்ளவை இருந்தும் கண்ணில் படாது. எஸ்எஃப்டிஸ்க் கட்டளை முழுப் பட்டியலையும் எழுத்தாகக் கொடுத்துவிடும், அதைத்தான் எடுத்து வைக்க வேண்டும். விண்டோஸின் துவக்கத்தை மீட்கும்போதும் 446 பைட்டை மட்டும் திரும்ப எழுத வேண்டும். 512-ஐயும் எழுதினால் புதிய பட்டியலின் மேல் பழையது ஏறிவிடும்.

மறுமுறை போனபோது படங்களையும் கணக்கையும் முதலில் வெளியே நகலெடுத்தேன். பேட்டரி செத்திருந்ததால், நடுவில் மின்சாரம் போய்விடக் கூடாதென்று காற்றும் மழையும் இல்லாத காலை நேரமாகப் பார்த்து இ-யைச் சுருக்கினேன். உபுண்டுவின் எடை குறைந்த வடிவமான லுபுண்டு 18.04-ஐ 2 ஜிபி ராம் தாங்கியது. துவக்கப் பட்டியலில் இரண்டு பெயரும் வந்தன. இப்போது அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடிந்தது.

இன்றைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை போகலாம், இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பழைய மடிக்கணினிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் தொடும்போதெல்லாம் எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுக்கிறேன். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், லினக்ஸ் பார்ட்டிஷனை டிரைவ் எழுத்தில்லாத ஒரு துண்டாகத்தான் காட்டும். தெரியாத கடைக்காரர் அதை வீண் இடம் என்று நினைத்து அழித்துவிடலாம். பல வீடுகளில் பாஸ் போனது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.