மைக்குக்கும் வாய்க்கும் நடுவே

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கிளம்புகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் மைக். அதிலும் கண்டென்சர் மைக். தைப்பூசத்துக்கு ஒரு முருகன் பாட்டு, உறுமி மேளக் குழுவுக்கு ஓர் அறிமுகப் பாட்டு, யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' தந்த நாளிலிருந்து மலேசிய இளைஞர்களை விடாத சொல்லிசை என்று ஆசை எதுவாக இருந்தாலும் செலவு இந்த ஒரு பொருளில்தான் தொடங்குகிறது. வீடியோக்களில் பாடுகிறவர் எல்லாருக்கும் முன்னால் வட்டமான வலைத்தடுப்பும் பெரிய தலையுள்ள மைக்கும் தெரிகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் ஸ்டுடியோ என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. கையிலிருக்கும் வெள்ளியில் முக்கால் பங்கு மைக்குக்குப் போகிறது. மீதியில் ஒரு சவுண்ட்கார்டு, கிடைத்த ஹெட்ஃபோன், சுவரில் ஒட்ட நாலு துண்டு ஸ்பஞ்சு. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. பதிவின் தரத்தை முதலில் தீர்மானிப்பது பாடுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம், அடுத்தது அறை. மைக்கின் விலை அதற்கெல்லாம் பிறகு வருகிறது.

கெடாவின் கோத்தா கோலா மூடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. மூடா ஆறு கடலில் சேரும் இடத்தில் படகுகள் வந்து சேர்ந்ததும் மீன் ஏலம் நடக்கும். அதற்கு 'பசார் பீசிக்' என்று பெயர். வாங்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விற்பவரின் காதருகே போய்த் தங்கள் விலையைக் கிசுகிசுப்பார்கள். அதிகம் சொன்னவருக்கு மீன். விலை பிறருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் காரணம், ஒலியியல் அல்ல. ஆனாலும் படகு எஞ்சினும் கூட்டமும் நிறைந்த இடத்தில் ஒரு கிசுகிசுப்பு பிழையில்லாமல் கேட்கிறது என்றால் அது தூரத்தின் வேலை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபல் இறங்கும். பாதியாகும்போது 6 டெசிபல் ஏறும். மைக்கிலிருந்து 40 சென்டிமீட்டரில் நின்று பாடியவர் 10 சென்டிமீட்டருக்கு வந்தால் அவர் குரல் 12 டெசிபல் உயர்கிறது. ஃபேனும் தெருவும் அறையின் எதிரொலியும் இருந்த அளவிலேயே இருக்கின்றன. அந்த அளவுக்குப் பதிவு மட்டத்தைக் குறைத்துக்கொண்டால் வேண்டாத சத்தம் எல்லாம் 12 டெசிபல் கீழே போய்விடும். இருநூறு வெள்ளி மைக்கை விட்டு இரண்டாயிரம் வெள்ளி மைக்குக்கு மாறினாலும் இந்த 12 டெசிபல் கிடைக்காது. ஓரடி முன்னால் வந்து நின்றால் சும்மாவே கிடைக்கிறது.

கண்டென்சர் எல்லாச் சத்தத்தையும் இழுத்துக்கொள்ளும், மேடையில் வைக்கும் டைனமிக் மைக் இழுக்காது என்றொரு பேச்சு உண்டு. நானே டைனமிக் பக்கம் நிற்கிறவன்தான், ஆனால் இந்த வாதம் சரியில்லை. ஒரே தூரம், ஒரே திசைக்குணம் (எந்தப் பக்கத்து ஒலியை எடுக்கிறது என்பது) என்று வைத்துவிட்டால் குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்டென்சரின் மெல்லிய சவ்வு உச்ச ஒலிகளைக் கூடுதல் தெளிவாக எடுக்கும், அதன் வெளியீடும் பெரிது. அதனால் அறைச் சத்தமும் கூடுதலாகத் தெரிவதுபோல் தோன்றுகிறது. உண்மையான வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. டைனமிக் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடலாம். மூச்சுக்கும் எச்சிலுக்கும் அது அஞ்சாது. கண்டென்சர் முன்னால் எல்லாரும் ஒரு சாண் தள்ளித்தான் நிற்கிறார்கள், நிற்கவும் வேண்டும். அந்த ஒரு சாணில் நம் வீடு முழுவதும் புகுந்துவிடுகிறது. நம் வீடு என்றால் என்ன? பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட வரிசை வீடு, பின்பக்கம் இறக்கிய தகரக் கூரை, நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும் என்பதால் ஓடிக்கொண்டே இருக்கும் ஃபேன், சந்தில் போகும் மோட்டார் சைக்கிள், மழை விட்டதும் வயல் பக்கத்திலிருந்து தவளைகள். ஒட்டிப் பாடும்போது திசைக்குணமுள்ள மைக்கில் அடித்தொனி பெருத்துக் குரல் கனத்துவிடும் என்பது மெய்தான். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலோ மென்பொருளிலோ கீழ்த்தொனியைக் கொஞ்சம் வெட்டினால் அது சரியாகிவிடும். ஒரு தடவை பதிவுக்குள் புகுந்த தவளையை வெட்டி எடுக்க முடியாது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கண்டென்சரின் சவ்வும் அதன் பின்தகடும் மயிரிழை இடைவெளியில் நிற்பவை. அதில் ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசியும், பதிவில் படபடவென்று வெடிச் சத்தம் கேட்கும். குளிர்நாட்டு ஸ்டுடியோவில் இது அபூர்வம். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிற்கும் மலேசியாவில், அதிலும் கடலோரத்தில், அபூர்வமில்லை. கண்டென்சர் வைத்திருப்பவர் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் அதை வைக்கப் பழக வேண்டும். உப்புக் காற்று எல்லா வகை இணைப்பு முனைகளையும் அரிக்கும். மைக் எதுவானாலும் கேபிளின் பித்தளையைத் துடைக்க வேண்டியதுதான். இடி முழங்கும்போது எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றுவது கெடாவில் வளர்ந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை.

சரி, டைனமிக் என்றால் மேடைக்கும் பஜனைக்கும்தானே, அது ஏழையின் மைக்தானே என்று கேட்பார்கள். 1982ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு செப்டம்பரில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' வெளிவந்தது. நியூ ஜெர்சியில் அவர் குடியிருந்த வீட்டில், டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ என்ற நாலு தடக் கேசட் கருவியில், ஷூர் எஸ்எம்57 என்னும் சாதாரண டைனமிக் மைக் இரண்டை வைத்துப் பதிந்தது. குழுவோடு ஸ்டுடியோவில் மறுபடி பதிவதற்கான மாதிரியாகத்தான் அதைச் செய்தார். ஸ்டுடியோப் பதிவு மாதிரியைத் தாண்டவில்லை, கேசட்டே தட்டாக வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் செலவு மிகுந்த ஸ்டுடியோ. வேண்டிய மைக்கை எடுக்க ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியனுக்கு எந்தத் தடையும் இல்லை. ஜாக்சனின் குரலுக்கு அவர் பெரும்பாலும் வைத்தது ஷூர் எஸ்எம்7. அதுவும் டைனமிக்தான். வசதி இல்லாதவனும் வசதிக்குக் குறைவில்லாதவனும் ஒரே ஆண்டில் ஒரே வகை மைக்குக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். 1965இல் வந்த எஸ்எம்57ஐ இன்றும் கடையில் வாங்கலாம். அதன் உடன்பிறப்பான எஸ்எம்58ஐ இணையத்தில் வாங்குகிறவர்கள் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். நம்ப முடியாத மலிவில் வருவதில் போலி நிறைய.

நம்மவர்கள் சொல்லும் மறு உதாரணம் ஏ. ஆர். ரகுமான். அவரும் வீட்டில்தானே ஆரம்பித்தார், நல்ல கருவி வாங்கித்தானே ஜெயித்தார்? கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்கட்டில் 1989இல் அவர் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னில்தான் 1992இன் 'ரோஜா' உருவானது என்பது சரி. ஆனால் அதைப் படுக்கையறையில் மைக் நட்ட கதையாகச் சொல்லக்கூடாது. அது ஒலிப்பதிவுக்கென்றே அமைத்த ஸ்டுடியோ, எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளரின் தேர்ந்த காது உடன் இருந்தது. கீபோர்டு வாசிப்பிலும் விளம்பர இசையிலும் ரகுமான் அதற்கு முன்பே பல ஆண்டு ஊறியவர். கருவிகள் நன்றாக ஒலித்ததற்கு இடமும் காதும் முன்னதாகத் தயாராக இருந்ததே காரணம். இந்த உதாரணம் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது இங்கேதான். பத்தடி அகலமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் தொனி மாட்டிக்கொண்டு வீங்கும். நீளமும் அகலமும் உயரமும் பத்துப் பத்தடியாக அமைந்துவிட்டால் மூன்று திசையிலும் அதே தொனி. பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அங்கேதான் வாழ்கின்றன. ஓரங்குல ஸ்பஞ்சு இதை அசைக்காது. முட்டை அட்டை இன்னும் மோசம்: நடுத்தொனியில் கொஞ்சம் உறிஞ்சும், தீப்பிடித்தால் நன்றாக எரியும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் துளியும் தடுக்காது. சத்தம் வெளியே போகாமல் அடைப்பது வேறு, உள்ளே எதிரொலிக்காமல் அடக்குவது வேறு. முன்னதற்கு எடையும் காற்றுப்புகாத அடைப்பும் வேண்டும், வாடகை வீட்டில் அதை மறந்துவிடலாம். பின்னதற்கு, வெப்பத்தடுப்புக்கு விற்கிற ராக்வூலை நாலங்குலக் கனத்தில் மரச்சட்டத்துக்குள் வைத்துத் துணி போர்த்தினால் போதும். அதற்கும் வழியில்லை என்றால் மெத்தையை நிமிர்த்தி வைக்கலாம், கனமான போர்வையைத் தொங்கவிடலாம். அதை மைக்குக்குப் பின்னால் வைப்பதுதான் வழக்கமான தவறு. மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடுகிறவரை. அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் நேராக மைக்குக்குள் போகிறது. போர்வை தொங்க வேண்டிய இடம் அந்த முதுகுப்பக்கம்.

உறுமி மேளத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அந்த முழக்கத்தைப் பத்தடி அறைக்குள் பதிந்தால் அறையைத்தான் கேட்போம், மேளத்தை அல்ல. அதற்கு ஏற்ற ஸ்டுடியோ தோட்டத்துக் கோவில் திடல். அங்கே சுவர் இல்லை. ஒலி போன வழியே போய்விடும், திரும்பாது. காற்றைத் தடுக்க மைக்குக்கு ஒரு தடித்த பஞ்சுறை, இரண்டு மைக், இரண்டு உள்வாயில் உள்ள இன்டர்ஃபேஸ், பேட்டரியில் ஓடும் லேப்டாப் போதும். தனி உறுமி என்றால் அடிக்கும் முகத்துக்கு ஒன்று, வளைந்த குச்சியால் தேய்க்கும் முகத்துக்கு ஒன்று. தேய்க்கும் பக்கத்து மைக் கூடுதல் நெருக்கத்தில் இருக்கட்டும், அந்த உறுமல் மெல்லியது. முழுக் குழு என்றால் ஆளுக்கொரு மைக் தேவையில்லை. இரண்டையும் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிறுத்தி, சத்தமான ஆளைப் பின்னால் தள்ளி, மெல்லிய ஆளை முன்னால் கொண்டுவந்தால் கலவை அங்கேயே முடிந்துவிடும். கெடாவில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களே தைப்பூசக் காலமாகவும் அமைவது நமக்கு வாய்த்த வசதி.

இப்போதுதான் இரைச்சலை நீக்கச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எதற்கு இந்தப் பாடு என்பது புதிய ஆட்சேபம். பேச்சுக்கு அது கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை பேசும் குரலை வைத்துப் பழக்கப்பட்டவை. குரல் அல்லாததெல்லாம் அவற்றுக்குக் குப்பை. உறுமியின் தேய்ப்பொலியை அவை எதனோடு சேர்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். கைப்பேசியே போதும் என்கிறவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. மெட்டு மறக்காமலிருக்க அது போதும். மேளச் சத்தத்தைக் கண்டதும் தானாகவே மட்டத்தை அமுக்கிவிடும் அதன் குணம்தான் பாட்டுக்கு ஆகாது. தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் குறைந்ததில் திருப்திப்பட வேண்டுமா என்ற கேள்வி இவற்றைவிடக் கனமானது. வேண்டாம். நல்ல மைக் வாங்காதே என்று நான் சொல்லவில்லை, முதலில் வாங்காதே என்கிறேன். மின்னல் எஃப்எம்மும் ராகாவும் ஒலிபரப்பும் பாட்டுகளோடு நம் பாட்டும் நிற்க வேண்டுமென்றால், வித்தியாசம் காட்டும் இடத்தில்தான் காசு போக வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அடக்கப்படாத சிறு அறையில் ஸ்பீக்கர் பொய் சொல்லும். காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் முதலில் வேண்டும், மைக்கைவிட அதற்கு அதிகம் செலவழித்தாலும் தப்பில்லை. வாங்கியதன் குறைகளைப் பழகிக்கொள்வதே முக்கியம்: யமஹா என்எஸ்-10 என்ற ஸ்பீக்கர் 1978இல் வீட்டு உபயோகத்துக்கு வந்து, அங்கே பேரெடுக்காமல், ஸ்டுடியோக்களில் நிலைத்தது. அதன் குறைகளை ஒலிப்பதிவாளர்கள் அத்துபடியாக வைத்திருந்ததே காரணம். இன்டர்ஃபேஸில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தேடவேண்டாம். உச்சம் சிவப்புக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி பதியுங்கள். மைக் ஸ்டாண்டு ஆடாததாக இருக்கட்டும்.

இவ்வளவும் அமைந்து ஓராண்டு பாடிய பிறகும் கையில் வெள்ளி மிஞ்சி, இரண்டாவது மைக் வாங்க நினைத்தால் புதிய பெயரைத் தேடிப் போகாதீர்கள். முதலில் வாங்கியதைப் போலவே இன்னொன்று வாங்குங்கள்.