மாமனார் வெட்டிய எவர்சில்வர் தட்டு

பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணம் வந்த மருமகனின் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி வெளியே வந்தது. உள்ளே பென் டிரைவ் மாதிரி ஒரு பொருள், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திரை, ஒரு கேபிள், சில வெற்று அட்டைகள். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுக்குள்ளதான் உங்க பிட்காயின் இருக்கா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. இதுக்குள்ள காசு ஒண்ணும் கிடையாது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு விலை?"

மாமனார் வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவர். அதில் பாதி, லாக்கர் அறைப் பொறுப்பு. தெருவில் இன்னமும் 'லாக்கர் சார்' என்றுதான் பெயர். பூட்டு, சாவி, கையெழுத்து என்று பேச்சு வந்தால் அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும். கிரிப்டோ கரன்சியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ரிசர்வ் வங்கி எச்சரிக்கிறது, லாபம் வந்தால் அரசாங்கம் 30 சதவிகிதம் வரி வாங்குகிறது, நஷ்டம் வந்தால் வேறு லாபத்தில் கழிக்க விடுவதில்லை. இதில் போய் ஏன் விழ வேண்டும் என்பது அவர் கட்சி. அது நியாயமான கட்சிதான். ஆனால் மருமகன் ஏற்கெனவே விழுந்தாயிற்று.

அதுவும் நன்றாகவே விழுந்திருந்தார். 2024 ஜூலையில் நாட்டின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போனபோது, அவருடைய கணக்கும் அங்கேதான் இருந்தது. செயலியைத் திறந்தால் எண்கள் தெரியும். எடுக்க மட்டும் முடியாது. ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படியே. அந்த நாட்களில் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது மனைவிக்குத் தெரியும். காரணம் ஆபீஸ் டென்ஷன் என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் நியூஸ் பார்த்துவிட்டு மனைவியே கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. எவ்வளவு என்பது மட்டும் அன்றைக்கும் வரவில்லை.

ஒரு பங்கு குறைந்து மிச்சம் கைக்குக் கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை, இந்த ஹார்டுவேர் வாலட்டை வாங்கியது.

மாமனாருக்கு அதை விளக்க மருமகன் கையிலெடுத்தது வங்கி பாஷையைத்தான். பிட்காயின் என்பது ஒரு பேரேட்டில் உள்ள பதிவு. அந்தப் பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு மாற்று என்று எழுத வேண்டுமானால் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசியச் சாவிதான் கருவிக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டரோடு இணைத்தாலும் சாவி வெளியே வராது. காகிதம் உள்ளே போய், கையெழுத்தோடு திரும்பும், அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் போட்டு வைத்தால் சாவி அவர்கள் கையில்.

"லாக்கர்ல ரெண்டு சாவி மாப்பிள்ளை. ஒண்ணு பேங்க், ஒண்ணு கஸ்டமர். கஸ்டமர் தொலைச்சா செலவை வாங்கிட்டு உடைச்சுக் கொடுப்போம். இதுல?"

"இதுல உடைச்சுக் கொடுக்க யாருமே இல்ல மாமா."

மாமனார் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் அவர்தான் மேற்பார்வை பார்த்தார்.

பெட்டியை முதலில் அவரே புரட்டிப் பார்த்தார். தயாரித்த கம்பெனியிடமே நேரடியாக வாங்கியதுதானா? யாராவது திறந்திருக்கிறார்களா? வெற்று அட்டை வெற்றாகத்தான் இருக்கிறதா? கடைசிக் கேள்வி சும்மா கேட்டதல்ல, மருமகன் சொல்லிக் கொடுத்தது. 2018-ன் ஆரம்பத்தில், இணையத்தில் மறுவிற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெட்டிக்குள் சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டு மாதிரி ஓர் அட்டை இருந்தது. அதில் ரகசியச் சொற்கள் முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தன. வாங்கியவர் அதையே பயன்படுத்தினார். அச்சடித்தவனிடமும் அதே சொற்கள் இருக்கும் அல்லவா? பணம் போய்விட்டது. சொற்கள் கருவியின் திரையில், நம் கண்ணெதிரே பிறக்க வேண்டும். வேறு எந்த வழியில் வந்தாலும் அது திருட்டுச் சாவி.

அடுத்தது பின் நம்பர். மூன்று தடவை தப்பாக அழுத்தினால் இந்தக் கருவி தன்னிடமுள்ள எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும்.

"கல்யாணத் தேதி வைக்காதீங்க மாப்பிள்ளை. லாக்கர் அறையில பாத்திருக்கேன், பாஸ்வேர்டுன்னா எல்லாரும் அதான்."

சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அவருக்கு அந்தத் தேதி ஞாபகம் இருந்தாத்தானே வைக்கிறதுக்கு!"

பின் நம்பர் முடிந்ததும் திரையில் ஒவ்வொன்றாக 24 ஆங்கிலச் சொற்கள் வந்தன. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சாதாரண வார்த்தைகள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து கருவி குலுக்கி எடுத்துத் தருபவை. இந்த 24-ம் இதே வரிசையில் இருந்தால் போதும். கருவி காவிரியில் விழுந்தாலும் இன்னொன்று வாங்கிச் சொற்களைக் கொடுத்தால் கணக்கு அப்படியே திரும்ப வந்துவிடும். அதாவது, உண்மையான சாவி இந்த வார்த்தைகள்தான். கருவி அதற்கு ஓர் உறை.

மருமகன் பேனாவால் அட்டையில் எழுதி முடித்துக் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் மனைவி போனில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தார். ரேஷன் கார்டு, பிள்ளையின் தடுப்பூசிச் சீட்டு, காஸ் பில் எதுவானாலும் படமெடுத்துப் பத்திரப்படுத்துவது அவர் வழக்கம். வீட்டில் எதுவும் தொலையாமல் இருப்பதே அதனால்தான்.

"தொலைஞ்சுடக் கூடாதேன்னுதான்..."

மருமகன் கோபப்படவில்லை. மாமனார் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். போனில் எடுத்த படம் அடுத்த நிமிஷமே கிளவுடுக்குப் போயிருக்கும். அழித்தாலும் குப்பைத்தொட்டியில் கிடக்கும். படங்களைத் துழாவும் உரிமையை எத்தனை செயலிகளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று யாருக்கு ஞாபகம்? ஆகவே கருவியை முழுதாக அழித்து, புதிதாக 24 சொற்கள். நல்லவேளை, அதுவரை ஒரு பைசாகூட அதற்கு மாற்றவில்லை. அரைமணி நேரம்தான் நஷ்டம்.

இரண்டாவது அட்டையை மாமனார் கையில் வாங்கிப் பார்த்தார். "காகிதம்தானே இது?"

அவர் கேட்டதில் அர்த்தம் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மகள் வீட்டுக்குள், முடிச்சூரில், இடுப்பளவு தண்ணீர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கல்யாண ஆல்பம் வரை கூழாகிப் போனதை அவர்தான் வெயிலில் காயவைத்தார். மருமகனுக்கும் ஒரு கதை தெரியும். மார்க் ஃப்ரௌவென்ஃபெல்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2016-ல் 3,000 டாலருக்கு 7.4 பிட்காயின் வாங்கி, இதே போன்ற கருவியில் வைத்தார். 24 சொற்களை ஆரஞ்சு நிறக் காகிதத்தில் எழுதினார். அடுத்த வருஷம் டோக்கியோ கிளம்பும்போது, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவுமே என்று மகளின் தலையணைக்கு அடியில் அதை வைத்துவிட்டுப் போனார். ஊரில் இல்லாத சமயத்தில் வீடு சுத்தம் செய்ய வந்தவர்கள் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். சரி, பின் நம்பர் இருக்கிறதே என்று கருவியை எடுத்தால், அது மறந்துபோயிருந்தது. அவர் கருவி அழித்துக்கொள்ளும் ரகம் அல்ல. ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும் ரகம். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதைதான். பிட்காயின் விலையோ ஏறிக்கொண்டே போய், 3,000 டாலர் 30,000 ஆகிவிட்டது. கடைசியில் இங்கிலாந்தில் ஒரு 15 வயதுப் பையன் அந்தக் கருவியின் பழைய மென்பொருளில் இருந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்துத்தான் பணம் மீண்டது. அந்த ஓட்டை பிறகு அடைக்கப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் அப்படி ஒரு பையன் கிடைக்கமாட்டான்.

"எவர்சில்வர்ல வெட்டிடலாம்" என்றார் மாமனார்.

சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் ஊரில் இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடைக்காரர் பழக்கமானவர். ஐந்து நிமிஷத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவார். மருமகன் தயங்கினார். "அவர் படிச்சிடுவாரே மாமா." லாக்கர் சாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்காரரிடம் மெஷினை மட்டும் ஒருநாள் இரவல் வாங்கி வந்தார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "பொழுது போகல" என்றாராம்.

இந்தச் சொற்பட்டியலில் ஒரு சௌகரியம் உண்டு. முதல் நான்கு எழுத்து தெரிந்தால் எந்தச் சொல் என்று உறுதியாகிவிடும். வேறு எந்தச் சொல்லும் அதே நான்கில் ஆரம்பிக்காது. அதனால் அதிகம் போனால் 96 எழுத்துகள். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பழைய டிபன் தட்டின் பின்புறத்தில் ஒரு மதியம் முழுக்க வெட்டினார். முடித்ததும் அட்டையை விளக்கில் காட்டி எரிக்கப் போனவரை, "சோதிச்சுப் பாத்துட்டு எரிக்கலாம் மாமா" என்று மருமகன் தடுத்தார்.

சோதனைக்காக முதலில் 2,000 ரூபாய் மதிப்புக்கு மட்டும் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினார். அனுப்பும் முகவரி நீளமான எழுத்துக் குவியல். அதைக் காப்பி செய்து ஒட்டும்போது இடையில் வேறொரு முகவரியை நுழைத்துவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் திரை பொய் சொல்லலாம். அதனால் கருவியின் சின்னத் திரையில் தெரிவதை மனைவி ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, அவர் சரிபார்த்தார். கொஞ்ச நேரத்தில் பணம் வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே ஓர் இமெயில். 'உங்கள் கருவியில் பாதுகாப்புக் கோளாறு. 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள இணைப்பில் 24 சொற்களைப் பதிவு செய்து உறுதிப்படுத்தவும்.' கம்பெனி லோகோ அச்சு அசலாக இருந்தது. இதற்கெல்லாம் விலாசம் எங்கிருந்து கிடைக்கிறது என்பது பழைய கதை. 2020-ல் லெட்ஜர் நிறுவனத்திடம் வாங்கியவர்களில் சுமார் 2,72,000 பேரின் பெயர், விலாசம், போன் நம்பர் திருடப்பட்டு வெளியே வந்தன. சிலர் வீட்டுக்குப் போலிக் கருவியே பார்சலில் வந்தது.

"ஓடிபி சொல்லாதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். இது ஓடிபிக்கு அப்பன்" என்றார் மாமனார். உண்மைதான். ஓடிபிக்குச் சில நிமிஷம்தான் ஆயுள். இந்தச் சொற்கள் ஒருவன் கையில் சிக்கினால் மாற்றிக்கொள்ள வழியே இல்லை. அவனுக்கு முன்னால் பணத்தை வேறு கணக்குக்கு நகர்த்தினால்தான் உண்டு. எந்தக் கம்பெனியும் இவற்றைக் கேட்காது. கேட்பவன் திருடன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் ஒரு பழைய விஷயம் சொன்னார். கணவர் திடீரென்று இறந்துபோன ஒரு பெண், முந்தானையில் ஒரு சாவியை முடிந்துகொண்டு அவர் கிளைக்கு வந்தாராம். அலமாரியில் கிடைத்த சாவி. லாக்கர் சாவி என்று தெரிகிறது. எந்த வங்கி, எந்தக் கிளை என்று தெரியாது. சாவியில் வங்கியின் குறியீட்டைப் பொறிக்க வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. அந்தச் சாவியில் எண் மட்டும்தான். ஊரிலிருந்த ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "அந்த அம்மா நாலாவதா எங்கிட்ட வந்தாங்க. எங்களுதும் இல்ல."

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "நாளைக்கு நீ செய்யணும். தனியா."

மறுநாள் காலை மருமகன் வேண்டுமென்றே மூன்று தடவை தப்பான பின் நம்பரை அழுத்தினார். கருவி வெறுமையானது. அவரைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார் மாமனார். மகள் கூடத்தில் தட்டையும் கருவியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதவக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அரைமணி நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "செல்லாதுன்னு வருது."

இரண்டாவது தடவையும் செல்லாது என்றே வந்தது. திண்ணையில் இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே இருப்பது 2,000 ரூபாய்தான், அட்டையும் எரியாமல் இருக்கிறது என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் மருமகனுக்கு நினைவுக்கு வரவில்லை. மாமனாருக்கு வியர்த்தது.

கண்டுபிடித்தது மகள்தான். அட்டையில் சொற்கள் இரண்டு பத்தியாக இருந்தன. இடது பக்கம் 1 முதல் 12, வலது பக்கம் 13 முதல் 24. பேரேட்டிலேயே ஊறிய கண், இடமிருந்து வலமாக வரி வரியாகப் படித்து வெட்டிவிட்டது. முதல் சொல், பிறகு 13-ஆவது, பிறகு இரண்டாவது. எண் போடவும் இல்லை. "அப்பா மளிகைக் கணக்கும் இப்படித்தான் எழுதுவார்" என்று சொல்லிக்கொண்டே ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். திரையில் கணக்கு திரும்பி வந்தது, 2,000 ரூபாயோடு.

மாமனார் ஒன்றும் பேசாமல் மெஷினை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எண்ணை வெட்டினார். தட்டு கும்பகோணத்தில் அவர் லாக்கருக்கு, கருவி சென்னைக்கு. எது எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, சொற்கள் எதையும் எழுதாமல், எல்.ஐ.சி. பத்திரங்களோடு வைப்பதாக ஏற்பாடு. அட்டை விளக்கில் எரிந்தது.

மருமகன் நிம்மதியாக ஊஞ்சலில் சாய்ந்தார். மனைவி கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடியபடி கேட்டாள்.

"சரி, மீதியையும் மாத்தினா இதுல மொத்தம் எவ்வளவு இருக்கும்?"

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு, மெஷினைத் திருப்பிக் கொடுக்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.