இடது காலுக்கு வேலை
புது கார் வாங்கப் போகிறோம். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்கிறான் மகன். என் இடது முழங்கால் தேய்மானமும் அவன் பக்கம்தான்.

நான் ஓட்டக் கற்றது பழைய அம்பாசிடரில். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பார் அப்பா. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைக்கலாமாம், மகன் காட்டினான். சரிதான். ஆனால் எஞ்சின் சத்தம் மாறியதும் கை தானாகக் கியருக்குப் போகுமே, அதற்கு என்ன செய்வது? 2014-ல் செலிரியோ வந்தபோது "சோம்பேறி வண்டி" என்று சிரித்தவன் நான்.

போன வாரம் சிக்னலில் கிளட்சை மிதித்திருந்த கால் நடுங்கி நழுவ, வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். பக்கத்திலிருந்த மனைவி ஒன்றும் பேசவில்லை.

நாளை முன்பணம் கட்ட வேண்டும். மேனுவல் என்றுதான் மகனிடம் சொல்லியிருக்கிறேன். சிக்னல் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.