வண்டி இழுக்கலைன்னா ஓரங்கட்டலாம்... விமானம் இழுக்கலைன்னா?

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் வண்டிகளுக்குத் தொப்பூர் கணவாய் ஒரு பரீட்சை. சமதரையில் சமர்த்தாக ஓடிவந்த பழைய வேன், அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும். "வண்டி இழுக்கலைங்க" என்று டிரைவர் ஓரங்கட்டுவார். பானெட்டைத் திறந்து வைப்பார், ஒரு டீ குடிப்பார், சூடு தணிந்ததும் கிளம்பிவிடுவார். இதே குறை, ஒருவர் தன் கையால் கட்டிய விமானத்தில் வந்தால் என்ன செய்வது? வானத்தில் ஓரங்கட்ட இடமில்லை.

நான் வேலை செய்யும் டிஜிட்டல் டெஸ்க்குக்கு, 'சொந்தமாக விமானம் செய்த இளைஞர்' வகை வீடியோக்கள் அவ்வப்போது வரும். அலுமினியக் குழாய், பழைய இன்ஜின், சுற்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம். பார்க்கப் பெருமையாக இருக்கும். கூடவே வயிற்றைக் கலக்கும். காரணம், பாலக்கோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் சித்தப்பா. டிராக்டர், மோட்டார் பம்ப், பைக் எல்லாம் பார்ப்பவர். "சத்தம் நல்லா வருதுன்னா பவரும் வருதுன்னு அர்த்தம் இல்ல கண்ணு" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

விமானம் நம்ம ஊருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் ஓடுபாதையே அமைத்து, இத்தாலிய வடிவமைப்பான 'பி-68சி' என்ற சிறிய விமானத்தைத் தயாரித்தது.

அதென்ன ரோட்டரி இன்ஜின்?

வீட்டில் கட்டும் விமானங்களைப் பற்றித் தேடிப் படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது ரோட்டரி இன்ஜின்தான். ஜெர்மனியின் பெலிக்ஸ் வான்கெல் உருவாக்கியது; 1957-ல் முதன்முதலாக ஓடியது. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இதில் கிடையாது. இடுப்பு ஒடுங்கிய முட்டை போன்ற ஒரு கூட்டுக்குள், முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று சுழலும். வால்வும் கிடையாது. எடை குறைவு, அதிர்வு குறைவு, சக்தி அதிகம். அதனால்தான் அமெரிக்காவில் விமானம் கட்டும் ஆர்வலர்களில் ஒரு சிறு கூட்டம், மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 1,308 சிசி ரோட்டரி இன்ஜினைக் கழற்றி விமானத்தில் பொருத்துகிறது.

நம் நாட்டிலும் இந்த இன்ஜின் பறந்திருக்கிறது. 'நிஷாந்த்' என்ற ராணுவ ஆளில்லா விமானத்துக்காக, பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும் டிஆர்டிஓவின் ஆய்வகங்களும் சேர்ந்து 55 குதிரைசக்தி வான்கெல் இன்ஜினை உருவாக்கின. எடை சுமார் 30 கிலோ. 2009 ஏப்ரலில் கோலார் அருகே அது பறந்து காட்டியது. நம் மாவட்டத்திலிருந்து சில மணி நேரத் தூரம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். நிஷாந்தில் ஆள் இல்லை. பாராசூட்டில் தரையிறங்கும்படி வடிவமைக்கப்பட்டது. வீட்டில் விமானம் கட்டுபவரோ, தானே அதில் ஏறி உட்காருகிறார். மெக்கானிக்கும் அவர்தான், பைலட்டும் அவர்தான், பயணியும் அவர்தான்.

பவர் குறைந்தால் எங்கே தேடுவது?

"முதல்ல எதையும் கழட்டாதே" என்பது சித்தப்பாவின் முதல் விதி. பிளக்கை மாற்று, பம்பை மாற்று என்று ஆரம்பித்தால் பணமும் போகும், எது குறை என்பதும் தெரியாது. விமானத்துக்கும் இதுவேதான். விமானத்தைக் கெட்டியாகக் கட்டிவைத்து, முழு த்ராட்டில் கொடுத்து, என்ன ஆர்பிஎம் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆர்பிஎம் மீட்டர் சரியா என்பதை வேறொரு கருவியால் சோதிக்க வேண்டும். மீட்டர் பொய் சொல்லி, நல்ல இன்ஜினைப் பிரித்துப்போட்ட கதை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும்.

அடுத்தது விசிறி. ரோட்டரி இன்ஜின் 6,000 ஆர்பிஎம் பக்கம் போனால்தான் முழு சக்தியைத் தரும். விமான விசிறியை அந்த வேகத்தில் சுற்ற முடியாது. நடுவே கியர் வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். விசிறி இதழின் சாய்வு அதிகமாக இருந்தால், இன்ஜினால் அந்த 6,000-ஐ எட்டவே முடியாது. டாப் கியரில் மலையேறுவது போலத்தான். இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது, ஆனால் இழுக்காது.

பிறகுதான் காற்று, பெட்ரோல், தீப்பொறி, புகை.

காற்று: ஃபில்டர் அடைத்திருக்கலாம், த்ராட்டில் கேபிள் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்ட் பிரஷர் மீட்டர் இதைச் சொல்லிவிடும்.

பெட்ரோல்: ரோட்டரியின் புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும். பக்கத்தில் பெட்ரோல் குழாய் போனால், உள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபடும். விமானம் மேலேறும்போது இருப்பதுபோல் மூக்கைத் தூக்கி நிறுத்தி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று கேனில் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, கலவையைச் சரிசெய்யாவிட்டால் சக்தி இன்னும் குறையும்.

தீப்பொறி: ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். ஒன்றை அணைத்தால் ஆர்பிஎம் கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது; அணைத்த பிளக் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

புகை: சைலன்ஸருக்குள் இருக்கும் தகடுகள் சூட்டில் உடைந்து, வெளியேறும் வழியை அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கடைசியாக, ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் சீல்கள். இதுதான் இந்த இன்ஜினின் உயிர்நாடி. பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றினால் 'புஸ்... புஸ்... புஸ்...' என்று ஒரே அளவில் காற்று வர வேண்டும். ஒரு சீல் உடைந்தால் அதன் இருபுறமும் உள்ள இரண்டு அறைகளும் பலமிழக்கும். அந்தத் தாளம் தப்பும். இதை நான் விளக்கியபோது சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "இத கேக்கறதுக்கே ஒரு இன்ஜின் வாங்கணும்!"

வெயிலும் ஒரு கோளாறுதான்

எல்லாம் சரியாக இருந்தும் பவர் குறையலாம். தர்மபுரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரம். சித்திரை வெயிலில் 38 டிகிரி அடிக்கும்போது காற்று விரிந்து லேசாகிவிடும். கணக்குப் போட்டால், இன்ஜினைப் பொறுத்தவரை அது 1,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட ஏற்காட்டுக்குப் போய்விட்ட மாதிரி! டர்போ இல்லாத 100 குதிரைசக்தி இன்ஜின் அப்போது 85 சொச்சம்தான் தரும். இறக்கைக்கும் விசிறிக்கும் கிடைக்கும் பிடிமானமும் குறைவு. மார்கழிக் காலையில் சுலபமாக மேலேறிய அதே விமானம், சித்திரை மதியத்தில் ஓடுபாதை முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கலாம்.

கூட்டம் காத்திருக்கும்போது...

மேலே சொன்னதெல்லாம் பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் முடிகிற வேலை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் உழைத்து, கடன் வாங்கி, வீட்டில் திட்டு வாங்கிக் கட்டிய விமானம். இன்று பறக்கப் போகிறது என்று ஊரே கூடியிருக்கிறது. மீட்டரில் ஒரு முந்நூறு ஆர்பிஎம் குறைகிறது. 'மேலே போனால் சரியாகிவிடும்' என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்த எத்தனை பேருக்கு மனசு வரும்?

மேலேறிய சில நொடிகளில் சக்தி போனால், திரும்பி ஓடுபாதைக்கு வர முயலாதே, நேராக முன்னால் இருக்கும் இடத்தில் இறக்கு என்றுதான் பைலட்டுகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். நம்ம ஊரில் முன்னால் இருப்பது மாந்தோப்பும் மின்கம்பியும்தான்.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் ஓர் இளைஞர், தான் செய்த ஹெலிகாப்டரைத் தரையில் வைத்துச் சோதித்தபோதே விசிறி உடைந்து தாக்கி உயிரிழந்தார். சுதந்திர தினத்துக்குச் சில நாள்களே இருந்தன. பறக்கும் முன்பே இப்படி என்றால், தரையில் செய்யும் சோதனையைக்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

பொறுமையாக இருந்தவர்களும் இருக்கிறார்கள். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், அதை 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். பறக்க அனுமதி கிடைத்தது 2019-ல். அவரே தொழில்முறை பைலட் என்றாலும் காத்திருக்க வேண்டியிருந்தது. கேரளத்தின் சஜி தாமஸ், காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். அவர் கட்டிய விமானம் 2014-ல் நம் நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில் பறந்தது. ஓட்டியவர் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற அனுபவசாலி. இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு எடைபோடும் வழியே இல்லாத ஒருவர் விமானம் செய்து முடித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

சஜி தாமஸ் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாம காதை நம்பி எத்தனை தடவை ஏமாந்திருக்கோம்..." என்றார்.

இப்போதெல்லாம் அப்படியொரு வீடியோ வந்தால், 'எப்போது பறக்கப் போகிறீர்கள்' என்று நான் முதலில் கேட்பதில்லை. 'கட்டிவைத்து ஓட்டினீர்களா? எவ்வளவு ஆர்பிஎம் வந்தது? எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?' என்றுதான் கேட்கிறேன். நோட்டை எடுத்துக் காட்டுகிறவரிடம் தாராளமாக ஒரு மணி நேரம் பேசலாம்.